ஏழு பேர்ச்சஸ் யாருடைய அளவு?

(தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேச இங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எங்களுக்குத் தந்த நேரத்தில் காணி அளவைப் பற்றி மட்டும் பேசுகிறோம். நமது டிவிசன்கள் சிலவற்றில் வீட்டுத் திட்டத்துக்கு இடம் பார்க்கிறார்கள். அடுத்ததாக நில அளவையாளர் வருவார். அவர் கல் நட்டுவிட்டுப் போன பிறகு நாம் கூட்டம் கூடிப் பிரயோசனம் இல்லை. ஆகவே பேசவேண்டியதை இப்போதே பேசுவோம்.

7 பேர்ச்சஸ், 10 பேர்ச்சஸ், 20 பேர்ச்சஸ் என்று எல்லோரும் சொல்கிறோம். தேர்தல் மேடையிலும் கேட்கிறோம், பத்திரிகையிலும் வாசிக்கிறோம். ஆனால் 7 பேர்ச்சஸ் என்றால் தரையில் எவ்வளவு என்று கேட்டால் பெரியவர்களே தடுமாறுகிறார்கள். நம்மவர்களில் குற்றம் இல்லை. 150 வருஷத்துக்கு மேலாக இந்த மலையை ஏக்கர் ஏக்கராக வெட்டித் திருத்திய நமக்கு, நமக்கென்று ஒரு துண்டை அளந்து பார்க்கும் தேவை வரவே இல்லையே!

அதனால் போன மாதம் நாங்களும் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளும் பாடசாலை மைதானத்தில் கயிறு பிடித்துப் பார்த்தோம். ஒரு பேர்ச் 272 கால் சதுர அடி. 7 பேர்ச்சஸ் 1,905 சதுர அடி சொச்சம். சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் 44 அடிக்குக் கொஞ்சம் குறைவு. நாலு மூலையிலும் குச்சி அடித்துக் கயிறு கட்டினோம். அதற்குள்ளே, இந்திய உதவி வீட்டுத் திட்டத்தில் தருகிற 550 சதுர அடி வீட்டை 25 அடிக்கு 22 அடியாகச் சுண்ணாம்பால் கோடு போட்டோம். பிள்ளைகளுக்கு முதலில் சந்தோஷம். லயத்துக் காம்பிராவில் பிறந்த பிள்ளைகள் அல்லவா, இவ்வளவு பெரிய வீடா என்று உள்ளே ஓடி நின்றுகொண்டார்கள். "இது அறை, இது குசினி, இங்கே அம்மா நில்லுங்க" என்று விளையாட்டுக் கூட நடந்தது.

பிறகு ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், எங்க மாட்டுப் பட்டி எங்க?"

அவன் வீட்டில் ஒரு மாடும் கன்றும் இருக்கின்றன. பால் காசில்தான் அவன் அக்கா ஏ.எல். படிக்கிறாள். பட்டிக்கு இடம் ஒதுக்கினோம். சாணிக் குழிக்கு ஒதுக்கினோம். மலசலகூடக் குழிக்கு ஒதுக்கினோம். விறகு அடுக்க ஒரு மூலை, துணி காயப்போட ஒரு கயிறு. மரக்கறிப் பாத்திக்கு வந்தபோது கோடு போட இடம் இல்லை. இத்தனைக்கும் அது மைதானம். சமதரை.

இனி மலைக்கு வருவோம். நமக்கு வீடு கட்டத் தருகிற இடம் மைதானமாக இருப்பதில்லை. சரிவை வெட்டித்தான் தளம் எடுக்கிறார்கள். 44 அடி நீளத்தில் மேல்பக்கம் வெட்டிய மண்சுவரும் அதன் அடியில் தண்ணீர் ஓடக் கானும் என்று ஒரு 9 அடி போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பக்கம் கொட்டிய மண், அதன் விளிம்பு, அதற்குக் கட்டும் கல் அணை என்று இன்னொரு 9 அடி. மிச்சம் 26 அடி. வீடு 22 அடி. வாசலில் 4 அடி! பக்கத்தில் 19 அடி. உறுதியில் 7 பேர்ச்சஸ் என்று எழுதியிருக்கும், பொய்யில்லை. ஆனால் அதில் ஐந்தில் இரண்டு பங்கு நிற்கமுடியாத இடம். செங்குத்தான இடங்களில் இதைவிடவும் மோசம்.

அந்தப் பக்கத்து 19 அடியில்தான் குழி வெட்டவேண்டும். மலசலகூடக் குழிக்கும் குடிதண்ணீர் எடுக்கும் கிணறு, ஊற்றுக்கும் இடையில் குறைந்தது 50 அடியாவது வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வது உங்களுக்குத் தெரியும். நமது துண்டின் முழு நீளமே 44 அடி. நம் குழி பக்கத்து வீட்டுக்குக் கிட்டப் போகிறது, மேல்வீட்டுக் குழி நம் குசினிச் சுவருக்குப் பின்னால் வருகிறது. மழைக்காலத்தில் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. புது வீட்டுக்குப் போன சில இடங்களில் மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் சண்டையே இதுதான். லயத்தில் ஒரே பீலியில் அணுசரித்துத் தண்ணீர் பிடித்தவர்கள், சொந்த வீட்டுக்குப் போய் முகம் பார்க்காமல் இருக்கிறார்கள். ஆட்களின் குணம் மாறிவிட்டது என்று சொல்லாதீர்கள். காணியைத் துண்டு போட்ட விதத்தில் வந்த சண்டை அது.

இந்த அளவு எங்கிருந்து வந்தது? நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986 ஆம் ஆண்டுத் திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகளைப் பார்த்தால், நகரப் பகுதியில் வீட்டுக்குப் பிரிக்கும் காணித் துண்டு பொதுவாக 150 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது என்று இருந்தது. அதாவது ஏறக்குறைய 6 பேர்ச்சஸ். நமக்குச் சொல்லப்படும் 7 இதற்கு ஒரு பேர்ச்தான் மேலே. "சட்டத்தில் உள்ளதைவிடக் கூடத்தானே தருகிறோம்" என்று ஒரு உத்தியோகத்தர் நம்மவர்களிடம் சொன்னதை நாங்களே கேட்டிருக்கிறோம்.

தோழர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நகரத்தில் அந்த 6 பேர்ச்சஸ் ஒரு கீழ் எல்லை. காணி விற்பவன் ஆட்களை ஏமாற்றி அதற்கும் குறைவாகத் துண்டு போட்டு விற்கக்கூடாது என்பதற்காக வந்த பாதுகாப்பு. காசு உள்ளவர் 15 வாங்கலாம், 40 வாங்கலாம், சட்டம் தடுக்காது. தோட்டத்துக்கு வந்ததும் அதே அளவு தலைகீழாகிவிடுகிறது. 7 என்றால் 7தான், அதற்கு மேல் ஒரு அங்குலம் கேட்கக்கூடாது. "இதற்குக் குறையாதே" என்று எழுதிய விதியை "இதற்கு மேல் கேளாதே" என்று நமக்கு வாசித்துக் காட்டுகிறார்கள்.

அடுத்தது, நகரத்தில் 6 பேர்ச்சசில் ஏன் இருக்க முடிகிறது? தண்ணீர் குழாயில் வருகிறது. குழி நிரம்பினால் பவுசர் வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது. குப்பையை நகர சபை லொறி எடுக்கிறது. மரக்கறி சந்தையில், சமையல் காஸ் கடையில், பிள்ளை விளையாட நகர சபை மைதானம். வீட்டுக்குள் இல்லாதது எல்லாம் வீட்டுக்கு வெளியே ஐந்து நிமிஷத்தில் இருக்கிறது. நம்முடைய டிவிசனில் இதில் எது இருக்கிறது? பவுசர் ஏறுகிற பாதையா? குப்பை லொறியா? தண்ணீர் மேமலையில் எங்கோ ஊற்றிலிருந்து கறுத்தக் குழாயில் வருகிறது, பன்றி மிதித்தால் அதுவும் இல்லை. கொழுந்து எடுக்காத நாளில் கறிக்கு என்ன என்றால் வீட்டோரத்தில் உள்ள கீரையும் கிழங்கும்தான். நகரத்தில் காணிக்கு வெளியே கிடைக்கும் அத்தனையையும் நாம் காணிக்குள்ளே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்படியிருக்க நகரத்தின் அடர்த்தியை மட்டும் தூக்கி வந்து மலையில் போட்டால் எப்படி?

இந்த நாட்டின் குடிசன மதிப்பீட்டில் மூன்று துறை: நகரம், கிராமம், தோட்டம். 20 ஏக்கருக்குக் குறையாத, 10 தொழிலாளருக்குக் குறையாமல் குடியிருக்கும் பெருந்தோட்டம் தோட்டத்துறை. கணக்கில் நமக்கென்று தனிப் பெட்டி உண்டு. ஆனால் காணி தரும்போது நம்மை நகரம் மாதிரி அளக்கிறார்கள். பாதை, தண்ணீர், குப்பை என்று கேட்கப் போனால் "அது தோட்டம், கம்பனியைக் கேளுங்கள்" என்கிறார்கள். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தை வைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் சபைப் பணம் செலவழிக்க முடியாது என்று எத்தனை வருஷம் திருப்பி அனுப்பினார்கள்! 2018 இல்தான் அந்தச் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது. அதே வருஷம் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைக்கும் சட்டம் வந்தது. பெயரைப் பாருங்கள், புதிய கிராமங்கள். கிராமம் என்றால் கிராமத்தின் அளவில் தரவேண்டும். நம் தோட்டத்துக்குக் கீழே நாட்டுப்பக்கம் எட்டிப் பாருங்கள். வீட்டைச் சுற்றிப் பலா, கொய்யா, மிளகுக்கொடி, வாசலில் நெல் காயப்போட இடம். அங்கே யாராவது 7 பேர்ச்சசில் இருக்கிறார்களா?

இன்னொரு விஷயம் இருக்கிறது, எங்களுக்கு இதுதான் பெரிய பயம். அடர்த்தியை வீட்டுக் கணக்கில் பார்க்கிறார்களே தவிர ஆட்கள் கணக்கில் பார்ப்பதில்லை. ஒரு காம்பிராவில் அப்பா அம்மா, கலியாணம் முடித்த மகன், மருமகள், அவர்களுடைய பிள்ளைகள். முன்பக்கம் இஸ்தோப்பை அடைத்து இளையவன் குடும்பம். பெயர்ப்பட்டியலில் ஒரு வீடு. அந்த ஒரு வீட்டுக்கு ஒரு 7 பேர்ச்சஸ். சரி, மூன்று குடும்பமும் புது வீட்டுக்குப் போகின்றன. இரண்டு அறை. ஒரு வருஷத்தில் பக்கவாட்டில் தகரம் இறங்கும். அடுத்த வருஷம் பின்னால் ஒரு குசினி. பக்கத்து வீட்டிலும் இதே கதை. பத்து வருஷம் கழித்துத் தூரத்திலிருந்து பார்த்தால் தகரத்தோடு தகரம் முட்டி நிற்கும். அதற்கு நாம் என்ன பேர் சொல்வோம்? வெள்ளைக்காரன் கட்டிய லயத்தை உடைத்து, நம்முடைய உறுதியோடு, நம்முடைய கையால் இன்னொரு லயம் கட்டியிருப்போம். முன்பு மாடி வீடு யோசனை வந்தபோது "மாடி லயம் வேண்டாம்" என்று நம் பெண்கள்தான் முதலில் சொன்னார்கள். படுத்த லயமும் வேண்டாம் என்று இப்போது சொல்லவேண்டும்.

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் எங்கே பிரேதத்தை வைப்பது, எங்கே சனம் உட்காருவது என்று ஒரு பாட்டி எங்களிடம் கேட்டார். சில திட்டங்களில் இரண்டு வரிசைக்கும் நடுவில் மூன்றடிப் படிதான் பாதை. பிரசவ வலியில் இருப்பவளைக் கதிரையில் வைத்து இறக்கவேண்டும். இதெல்லாம் வரைபடத்தில் தெரியாது.

மறுபக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விடமாட்டோம். கிட்டக் கிட்டக் கட்டினால் பாதையும் கரண்டும் தண்ணீரும் மலிவு என்கிறார்கள். அது உண்மை. வீட்டை மலைக்கு ஒன்றாகச் சிதறவிட்டால் அம்புலன்ஸ் எங்கே போகும், முன்பள்ளிப் பிள்ளை எவ்வளவு தூரம் நடக்கும்? நமக்குக் கிட்ட இருப்பது பயமில்லை, அடுத்தடுத்து வாழ்ந்து பழகிய சனம்தான். எங்கள் அபிப்பிராயம் இது: பாதையோரம் பத்து, பதினைந்து வீடாகச் சேர்த்துக் கட்டட்டும். வீட்டு நிலம் அங்கே இருக்கட்டும். மிச்ச நிலத்தை வீட்டுக்குப் பின்னாலோ, அது முடியாவிட்டால் நடந்துபோகிற தூரத்திலோ அதே உறுதியில் சேர்த்துத் தரட்டும். வீடு கட்ட ஆகாத சரிவில் மாட்டுக்குப் புல் போடலாம், மிளகு வைக்கலாம், கொய்யா வைக்கலாம். உழுது மரக்கறி போடுவது மட்டும் செங்குத்தில் வேண்டாம், மண் கழுவிக்கொண்டு போகும். 20 பேர்ச்சஸ் என்ற கோரிக்கையை இப்படிக் கேட்டால் மறுக்கிறவர் காரணம் சொல்லவேண்டி வரும்.

"தேயிலைக் காணி போய்விடும்" என்பது அடுத்த வாதம். கணக்குப் பார்ப்போம். ஒரு ஏக்கர் 160 பேர்ச்சஸ். 100 குடும்பத்துக்கு 7 வீதம் கொடுத்தால் 700 பேர்ச்சஸ், நாலரை ஏக்கருக்கும் குறைவு. 20 வீதம் கொடுத்தால் 2,000 பேர்ச்சஸ், பன்னிரண்டரை ஏக்கர். வித்தியாசம் 8 ஏக்கர் சொச்சம். பாதையும் பொது இடமும் இரண்டுக்கும் தனி. நூறு குடும்பம் தலைமுறைக்கும் வாழ 8 ஏக்கர். உங்கள் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டாமல், புல் வெட்டாமல், தேயிலை மரமாகி மானாப்புல் மூடிக் கிடக்கிற மலை எத்தனை ஏக்கர் என்று கொழுந்துக்குப் போகும் நீங்களே சொல்லுங்கள். 1992 இல் தோட்டங்கள் கம்பனி நிர்வாகத்துக்குப் போனாலும் நிலம் அரசாங்கத்தின் நிலம்தான், குத்தகைதான் கம்பனியுடையது. காடாகிப்போன மலைக்குக் குத்தகைக்காரர் கணக்குச் சொல்லட்டும்.

ஆனால் ஒன்று. விடுவிக்கிற காணியை யார் தெரிவு செய்கிறார்கள் என்பதில் கண் வையுங்கள். நல்ல மலையைக் கம்பனி வைத்துக்கொண்டு, கானோரத்தையும் கல்லுமலையையும் நமக்குத் தள்ளிவிடக்கூடாது. 20 பேர்ச்சஸ் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டு மண்சரிவுக்குக் கீழே போய் உட்காரக்கூடாது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்கு முன்னரே இருந்தது. மாற்று இடம்தான் இருக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் எந்த இடத்துக்கும் சம்மதம் சொல்லவேண்டாம். அறிக்கை இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது, தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

இங்கே முன்வரிசையில் இருக்கும் ஒரு ஐயா வரும்போதே எங்களைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், இருபது இருபது என்று கேட்டு ஏழையும் கெடுத்துவிடாதீங்க. எனக்கு வயசு போகுது, நான் சாகிறதுக்குள்ள சொந்தக் கூரைக்குக் கீழ படுக்கணும்" என்றார். ஐயா, உங்கள் பேச்சு நியாயம். வீட்டை வேண்டாம் என்று சொல்லச் சங்கம் யாரையும் கேட்கவில்லை. வருகிற வீட்டை எடுங்கள், சாவியை வாங்குங்கள். ஆனால் "இத்துடன் எனது காணி உரித்து முடிந்தது" என்ற கருத்தில் எந்தக் கடதாசி வந்தாலும் கையெழுத்து வைக்காதீர்கள். வீடும் காணியும் ஒன்றல்ல. வீடு இந்த வருஷம் கட்டலாம், காணிக்கான கோரிக்கை தொடர்ந்து இருக்கலாம். 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் சனம் நடந்ததும் காணி, வீட்டு உரிமையையும் கேட்டுத்தான். இப்போது 10 பேர்ச்சஸ் என்ற பேச்சு வருகிறதே, அது சும்மா வந்ததா? கேட்டதால் வந்தது.

இனித் தலைவர்மாருக்கு. அளவையாளர் வரும் நாளில் தலைவரும் தலைவியும் இரண்டு இளைஞர்களும் கூடவே நடக்கவேண்டும், பெரட்டுக் களத்தில் நின்று பார்த்தால் காணாது. வரைபடத்தின் பிரதி கேளுங்கள். ஒவ்வொரு துண்டிலும் வெட்டுச்சுவரும் விளிம்பும் நீங்கலாக நின்று பாவிக்கக்கூடிய தரை எவ்வளவு என்று கேளுங்கள், நமது சண்டை இதில்தான். மேல்வீட்டுக் குழி எங்கே, ஊற்று எங்கே என்று வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். பாதையில் அம்புலன்ஸ் திரும்ப இடம் உண்டா என்று பாருங்கள். நான் முன்பு சொன்ன 1986 ஒழுங்குவிதிகளிலேயே இன்னொன்றும் இருந்தது: ஒரு ஹெக்டயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டு போட்டால், வீதி நீங்கலாக நூற்றுக்குப் பத்து பங்கைப் பொதுத் தேவைக்கும் விளையாட்டுக்கும் ஒதுக்கவேண்டும். நகரத்து அளவைக் காட்டி 7 தருகிறவர்கள் இந்தப் பத்தையும் காட்டட்டும். கோயில், முன்பள்ளி, மைதானம், மயானப் பாதை எல்லாம் அதற்குள் வரும். நுவரெலியா மாவட்டத்தில் ஐந்தாக இருந்த பிரதேச சபை 2018 இல் ஒன்பதானது நம் சனத்துக்காகத்தான். நாம் வாக்குப் போட்டு அனுப்பிய உறுப்பினர் இந்த வரைபடத்தைச் சபையில் வைத்துப் பேசட்டும்.

பெயர்ப்பட்டியலில் குடும்பங்களைத் தனித்தனியாக எழுதுங்கள், காம்பிரா இலக்கத்தால் எழுதவேண்டாம். உறுதியில் மனைவி பெயரும் இருக்கவேண்டும். இதை ஆண்கள் நின்று கேட்டால் இன்னும் நல்லது.

100 அடி அளவு நாடா இரண்டு சங்கக் காரியாலயத்தில் இருக்கிறது. கயிறும் குச்சியும் உங்களிடம் உண்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒவ்வொரு டிவிசனிலும் காட்டுகிற இடத்தில் ஒரு துண்டையாவது, மைதானத்தில் அல்ல, அந்தச் சரிவிலேயே பிடித்துப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், கணக்கு அவர்கள் பார்ப்பார்கள். மேல்சுவர் எத்தனை அடி, கீழ்விளிம்பு எத்தனை அடி, நடுவில் மிச்சம் எத்தனை அடி என்று கொப்பியில் எழுதிக் கொண்டுவாருங்கள். நாடா எடுப்பவர்கள் புத்தகத்தில் கையொப்பம் வைத்துவிட்டு எடுக்கவும். போன முறை எடுத்த ஒன்று இன்னும் திரும்பி வரவில்லை.